ராக்கும் போண்டாவும்

நாய் வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் லேசில் எழுந்து போக முடியாது என்பார்கள். உண்மைதான். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. கையில் நேரம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

மூத்தவள் ராக்கு. செவலை நிறச் சிப்பிப்பாறை. வீட்டுக்காரரின் சொந்தக்காரர் தோட்டத்தில் பிறந்தவள். குட்டியாக வந்த அன்றே எல்லோரையும் ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் என் மாமியாருக்குத் தன் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பெரியம்மா பெயர்தான் ராக்கு. இளையவன் போண்டா. மஞ்சள் லாப்ரடார். தம்பி பெங்களூரில் ஆசையாக வாங்கினான். சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், “அக்கா, ஒரு ஆறு மாசம் மட்டும் பாத்துக்கோ” என்று இங்கே கொண்டுவந்து விட்டான். அந்த ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அவனும் கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுக்கப் போவதில்லை. போண்டா என்று பேர் வைத்தது என் மகள். ஆளைப் பார்த்தவர்கள் யாரும் காரணம் கேட்பதில்லை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டினாற்போல எங்கள் வீடு. இரண்டுக்கும் ஒரே திண்ணை, ஒரே கஞ்சிப்பானை, ஒரே டாக்டர். குணம் மட்டும் வடக்கும் தெற்கும். ராக்கு யாரிடமும் வலியப் போகமாட்டாள். போண்டாவை யாரிடமிருந்தும் பிரித்து எடுக்க முடியாது. ராக்கு யோசித்துச் சாப்பிடுவாள். போண்டா சாப்பிட்ட பிறகும் யோசிக்கமாட்டான். வேடிக்கை பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இதெல்லாம் அவர்களின் பாட்டன் பூட்டன் பார்த்த வேலை. அந்த வேலை இன்றைக்கு இல்லை. வேலைக்காரர்கள் இரண்டு பேரும் மட்டும் தினமும் எங்கள் வீட்டில் ஆஜராகிவிடுகிறார்கள்.

விடிகாலையில் நடக்கக் கூட்டிப் போவதிலிருந்தே அது தெரிந்துவிடும். ஒரு கையில் ராக்குவின் வார், இன்னொரு கையில் போண்டாவின் வார். தெரு ஒன்றுதான். ராக்கு தலையை நிமிர்த்தியே நடப்பாள். மூக்கைத் தரையில் வைப்பது அபூர்வம். தூரத்தில் வேலிக்கருவேலைப் புதருக்குள் ஒரு காடை அசைந்தால் போதும், அவள் காது மடிந்து, உடம்பு விறைத்து, ஒரு கால் அந்தரத்தில் நின்றுவிடும். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் ஏதோ அசைவது தெரியும். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் வேட்டையாடும் சாதி. மூஞ்சி நீண்ட நாய்களுக்கு விழித்திரையில் பார்வை அணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல அடர்ந்திருக்கும். அதனால் தொடுவானத்தை ஒட்டி எது அசைந்தாலும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. மரமில்லாத கரிசல் வெளிக்கு இதைவிடப் பொருத்தமான கண் வேறு ஏது?

போண்டாவுக்கு அந்தத் தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. அவன் படிக்கிறான். ஒவ்வொரு கரண்டுக் கம்பமும் அவனுக்கு அன்றைய தினசரி. நாயின் மூக்கில் மோப்ப ஏற்பிகள் இருபது கோடிக்கும் மேல் உண்டு. நமக்கு அறுபது லட்சம் இருந்தால் அதிகம். அந்த இருபது கோடியையும் அவன் முக்குக்கடை வடைச்சட்டியைக் கண்டுபிடிக்கத்தான் செலவழிக்கிறான். டீக்கடை அண்ணாச்சி வர்க்கியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். போண்டா உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் கேட்காமலேயே காட்டி முடிப்பான். அதே வர்க்கியை ராக்குவிடம் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “இந்தம்மா நம்ம கடையில கை நனைக்க மாட்டாக” என்று அண்ணாச்சி சிரிப்பார். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

ராக்கு ஓடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண்.

தை, மாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் அறுத்து முடித்ததும் காடு வெறிச்சென்று கிடக்கும். தெரிந்தவர் ஒருவர் தன் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கொண்டுபோய் வாரை அவிழ்த்துவிடுவோம். ஒரு நொடி நிற்பாள். அப்புறம் இருக்கமாட்டாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் புழுதி மட்டும் எழும்பும். இந்த வகை நாய்கள் பாய்ந்து ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் நான்கு கால்களும் இரண்டு தடவை தரையை விட்டு எழும்பும். கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கையில் ஒருமுறை, வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்கையில் ஒருமுறை. சிறுத்தையும் அப்படித்தான் ஓடுகிறது. மகள் செல்போனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. தினமும் என் கட்டில் ஓரத்தில் சுருண்டு கிடக்கும் அந்த ஒல்லிப் பெண்ணா இது! விலா எண்ணலாம், இடுப்பு கைப்பிடியில் அடங்கும், அவ்வளவும் காற்றைக் கிழிக்கத்தான். பார்க்கிறவர்கள் “சோறு போடுறீங்களா இல்லையா?” என்று கேட்பார்கள். சிப்பிப்பாறை வளர்க்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

அந்தக் காலத்தில் முயல் வேட்டைக்குப் போன இனம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். ஆகவே எங்கள் வீட்டு முயல் ஒரு பச்சை ரப்பர் பந்து. மகள் அதை வீசுவாள். இரண்டும் பாயும். ராக்கு பாதித் தூரத்திலேயே பந்தை முந்திவிடுவாள். போய் நின்று ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். ஓட்டம் நின்றுபோன பொருளில் அவளுக்கு என்ன இருக்கிறது? திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். அதற்குப் பிறகு, நாக்கு ஒரு முழம் தொங்க, போண்டா போய்ச் சேருவான். பந்தைக் கவ்விக்கொண்டு, ஏதோ தானே பிடித்த மாதிரி, சாமியாடி கையில் வேப்பங்குலை ஆடுகிற வேகத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வருவான். விரட்டுவது அவள், கொண்டுவந்து கொடுப்பது இவன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு படகில் இருந்தவர்கள். தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்துக் கொடுப்பதும், குளிர்ந்த கடலில் குதித்து வலைக்கயிற்றைக் கவ்வி இழுத்து வருவதும் அவர்கள் வேலை. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து பிரிட்டனுக்குப் போனார்கள். அங்கே பிரபுக்கள் சுட்டு வீழ்த்திய வாத்தையும் மற்ற பறவைகளையும் எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கிடையே ஜவ்வு, நீர்நாயின் வாலைப்போலத் தடித்த வால், எண்ணெய்ப் பசை கொண்ட இரட்டை ரோமம் எல்லாம் தண்ணீருக்காகவே அமைந்தவை. பறவையைப் பல் படாமல் கொண்டுவர வேண்டுமே, அதற்கென்று வாயும் மெத்தென்று ஆகிவிட்டது.

அந்த மெத்தென்ற வாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பக்கத்து வீட்டு அக்காவின் கோழி ஒன்று எங்கள் வைக்கோல்படப்புக்குள் வந்து திருட்டுத்தனமாக முட்டையிடும். ஒருநாள் நான் அடுப்படியில் இருக்கும்போது போண்டா வந்து என் முன்னால் உட்கார்ந்தான். வாய் மூடியிருந்தது. அதுவே அதிசயம். கையை நீட்டினேன். எச்சில் வழிய ஒரு முட்டையை உள்ளங்கையில் உருட்டிவிட்டான். ஒரு கீறல் இல்லை. கறுமுறுவென்று எலும்பைக் கடிக்கிற பல் அது! அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “எச்சி முட்டய நீங்களே வச்சுக்கோங்க, டீச்சர்” என்றார். அவித்து ராக்குவுக்குப் போட்டோம். மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை வைத்துவிட்டாள். வெள்ளை யாருக்குப் போனது என்று சொல்லவும் வேண்டுமா?

அதே கோழி ராக்குவின் கண்ணில் பட்டால் நிலைமை வேறு. அவளுக்கு ஓடுகிறதெல்லாம் இரை. அதனால் அவள் முற்றத்தில் இருக்கும் நேரம் கோழி கூண்டில், கோழி முற்றத்தில் இருக்கும் நேரம் அவள் வீட்டுக்குள். இந்த ஒப்பந்தத்தை அக்காவும் நானும் கண்ணும் கருத்துமாக நடத்தி வருகிறோம். போண்டா குஞ்சுகளுக்கு நடுவில் மல்லாந்து தூங்குவான். அவன் வயிற்றின் மேல் ஏறிக் குஞ்சுகள் கொத்தும்.

சாப்பாட்டு நேரம் எங்கள் வீட்டு நாடகம். கம்பங்கூழில் மோர் விட்டு, அவித்த கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டுக் கொடுப்போம். வெங்காயம், பூண்டு சேர்த்த எதுவும் கிடையாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். திராட்சையும் சாக்லேட்டும் வீட்டில் உயரத்தில் இருக்கும். ராக்கு தட்டின் முன்னால் வந்து நிற்பாள். முகர்வாள். என்னைப் பார்ப்பாள். நாலு வாய் தின்பாள். வெளியே ஏதோ சத்தம் கேட்டது என்று போய்விடுவாள். போண்டாவின் தட்டு அதற்குள் காலி. காலி என்றால் கழுவ வேண்டியதில்லை என்று அர்த்தம். அப்புறம் ராக்குவின் தட்டிலிருந்து மூன்றடி தள்ளிப் படுத்துக்கொள்வான். அதற்கு மேல் நெருங்கமாட்டான். அவள் உறுமிக்கூட நான் கேட்டதில்லை. உதட்டோரம் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான்.

இந்தப் பசியை வெறும் ஆசை என்று திட்டுவது பாவம். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். லாப்ரடார்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்குப் ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். எங்கள் போண்டாவுக்கு யாரும் சோதனை செய்து பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே போதும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. ஒருமுறை அவர் வாங்கி வந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டான். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தரம் தெரிந்திருக்கிறது. இப்போது அவனுக்கு அளந்துதான் சோறு. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறோம்.

வெயில் காலத்தில் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் ராக்குவுக்கு ஒன்றுமில்லை. குட்டை ரோமம், சதையில்லாத உடம்பு. வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்து அதில் படுத்துக்கொள்வாள். வடக்கத்திக் கடலுக்கென்று போர்த்தி அனுப்பப்பட்ட போண்டாதான் பாவம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் பத்து மணிக்கு மேல் அவனை வெளியே விடுவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பழைய சிமென்ட் தொட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அது இப்போது அவன் சொத்து. முழு உடம்பையும் உள்ளே இறக்கி, தாடையை விளிம்பில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்குக் காட்சி கொடுப்பான். ஐப்பசியில் கண்மாய் நிறைந்துவிட்டால் பிடிக்கவே முடியாது. ராக்குவோ தூறல் விழுந்தால் ஒன்றுக்குப் போகக்கூட வெளியே இறங்கமாட்டாள். மார்கழிப் பனிக்கு மகளின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போட்டுவிடுகிறோம். அதைப் போட்டதும் நடையே மாறிவிடும் அவளுக்கு.

ரோமம் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். போண்டா வருஷம் முழுக்க உதிர்க்கிறான். கறுப்புப் புடவை கட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். பரவாயில்லை.

ஊசி போடப் போகும் நாளும் ஒரு வேடிக்கை. டாக்டர் ஊசியை ஏற்றும்போது போண்டா அவர் முழங்கையை நக்கிக்கொண்டிருப்பான். குத்தியது தெரிந்ததா என்று இன்றுவரை எங்களுக்குச் சந்தேகம். ராக்கு சத்தமே போடமாட்டாள். உடம்பு மட்டும் என் வயிற்றோடு ஒட்டி நடுங்கும். முடிந்ததும் கம்பீரமாக இறங்கி, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடப்பாள். மயக்க மருந்து ஏதாவது கொடுக்க வேண்டி வந்தால், “வேட்டை நாய், கொழுப்பே கிடையாது” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த உடல்வாகு உள்ள நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் சட்டென்று இறங்காது. எங்கள் டாக்டருக்கு அது தெரியும். இருந்தாலும் நான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

காவலுக்கு எது கெட்டி என்று கேட்கிறவர்கள் உண்டு. போண்டா திருடனுக்கு டார்ச் பிடிப்பான். கேஸ் கொண்டுவருகிற தம்பி, மீட்டர் பார்க்க வருகிறவர், சீட்டுப் பணம் வாங்க வருகிற அம்மா, எல்லோரும் அவனுக்கு உறவு. ஆளுக்கொரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய் வரவேற்பான். ராக்கு அதிகம் குரைப்பதில்லை. தெரியாத ஆள் கேட்டைத் தொட்டால் எழுந்து நிற்பாள். அந்த நிற்பைப் பார்த்தவர்கள் அங்கேயே நின்று “அம்மா...” என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத ராத்திரிகளில் அவள் கட்டில் பக்கம் வருவதில்லை, வாசல்படியில்தான் படுக்கை.

இப்படிப்பட்ட வீராங்கனைக்கு வெடிச்சத்தம் ஆகாது. சிவகாசி எங்களுக்குப் பக்கம்தான். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தெருவில் வெடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாம் கேட்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணை நாய்க்குக் கேட்க முடியும் என்றால், அவளுக்கு அது எப்படி இருக்கும்! கதவைச் சாத்தி, மின்விசிறியை ஓட்டி, பாட்டையும் போட்டுவிடுவோம். அவளுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். போண்டா எங்கே என்று தேடுவாள். அவன் கூடத்து நடுவில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்த பரம்பரை. சரவெடியெல்லாம் அவனுக்குத் தாலாட்டு. ராக்கு அவன் முதுகில் தலையை வைத்துக்கொள்வாள். மற்ற நாட்களில் தன் போர்வையில் அவன் வால்நுனி பட்டாலே எழுந்துபோகிறவள், அன்றைக்கு விடிய விடிய அவனை விட்டு நகரமாட்டாள். அவனும் புரண்டு படுக்கமாட்டான். இதைப் பார்க்கவாவது நீங்கள் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

பாசத்தைக் காட்டுவதிலும் இதே கணக்குத்தான். போண்டா கண்ணைக் கண்ணோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாயும் வளர்ப்பவரும் இப்படிப் பார்த்துக்கொண்டால் இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் சுரக்கிற அதே சுரப்பு. ராக்குவிடம் அந்தப் பார்வையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் செருப்பைக் கழற்றும்போது, பக்கவாட்டில் வந்து தன் மொத்த எடையையும் என் காலில் சாய்த்து நிற்பாள். முகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் போய்விடுவாள். போண்டா நாள் முழுக்கக் கொட்டுவதை இவள் அந்த அரை நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறாள். அன்றைய நாளின் களைப்பு எனக்கு அத்தோடு போகும்.

வீடும் இரண்டு கட்சியாகிவிட்டது. மாமியார் ராக்கு கட்சி. “இவதான் பொம்பளை. தேவைக்குத் திங்கா, தேவைக்குப் பேசுதா” என்பார். எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெண்ணோடு கன்னி நாயைச் சீராகக் கொடுத்தனுப்புவார்கள் என்று கதையும் சொல்வார். மாமனார் போண்டா கட்சி. அவர் ஈஸிசேர் அடியில்தான் இவன் குடியிருப்பு. 2005இல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் இருந்தது, சிப்பிப்பாறை இல்லை. மாமியாருக்கும் எனக்கும் அதில் கோபம் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாட்டு இனங்களை வளருங்கள் என்று சொன்னபோது சிப்பிப்பாறை பெயரையும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு ராக்குவுக்கு ஒரு முட்டை அதிகம் கிடைத்தது. மஞ்சள் கருவை மட்டும் தின்றாள்.

ஒன்று மட்டும் வளர்த்திருந்தால் நாய் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருப்பேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சுகம் தனி. இடமும் மனசும் இருக்கிறவர்கள் தைரியமாக இரண்டு வளருங்கள். ஒரே மாதிரி இரண்டு வேண்டாம்.

சிப்பிப்பாறை வாங்குவதாக இருந்தால், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் பரம்பரையாக வளர்க்கிற வீடுகளுக்கு நேரில் போங்கள். தாய் நாயைப் பார்த்த பிறகு குட்டியைத் தூக்குங்கள். ஓட இடம் இருக்கிறதா என்று முதலில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். லாப்ரடார் என்றால் அளந்து போடுகிற கை வேண்டும், வெயிலுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டும். இரண்டுக்கும் வருஷாவருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். சங்கிலியில் கட்டி மொட்டைமாடியில் போடத்தான் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இரண்டுமே வேண்டாம்.